மூன்று மாதக் குழந்தையும் எட்டு மணி நேர வேலையும்

இக்கட்டுரையை வணிகப் பக்கத்துக்கு எழுதுவதா, மாதர் பக்கத்துக்கு எழுதுவதா என்று நீண்ட நாட்களாக யோசித்தேன். தாய்ப்பால் பற்றிய விடயம் என்றதும் ஆண்கள் பக்கத்தைப் புரட்டி விடுவார்கள். ஆனால் இவ்விடயத்தில் தீர்வு அவர்களுடைய கையில்தான் இருக்கின்றது. கடையின் சாவி யாரிடம் உள்ளதோ, அறையின் சாவியும் அவரிடமே உள்ளது. ஆகவே முதலாளிமார் வாசிக்கும் பக்கத்திலேயே எழுதத் துணிந்தேன். வெட்கப்பட வேண்டிய எதுவும் இதில் இல்லை. அல்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆவது வசனத்தில் பாலூட்டுதல் பற்றியும், அதன் கால அளவு பற்றியும், அத்தாயைப் பராமரிக்கும் கடமை யாருடையது என்பது பற்றியும் பேசுகின்றது. அல்லாஹ் பேசிய விடயத்தை நாம் பேசக் கூச வேண்டியதில்லை.

நான் மொத்த வியாபார நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் பல வருடங்கள் வேலை செய்தவள். இன்று சில கடைகளுக்குச் சம்பளப் பட்டியலும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும் பார்த்துக் கொடுக்கின்றேன். ஆகவே தாயாகவும் தெரியும். சம்பளப் பட்டியல் போடுபவளாகவும் தெரியும்.

முதல் பிள்ளையும் நான் செய்த தவறும்

2012இல் என் மூத்த மகன் பிறந்தான். பிரசவ விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது அவனுக்கு மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை. பகலில் உம்மா பார்த்துக் கொள்வார், மாலையில் வந்து பால் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன்.

முதல் நாள் பகல் பதினொரு மணிக்கே மார்பு கல்லாக இறுகி விட்டது. அபாயாவின் முன்பக்கம் நனைந்தது. கோப்பொன்றை நெஞ்சோடு அணைத்துக் கொண்டு மலசலகூடத்துக்கு ஓடினேன். மூன்று மாடிக் கட்டடத்தில் பெண் ஊழியர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. அந்தச் சிறிய அறையில் நின்றபடி கையால் பாலைப் பீய்ச்சி, தண்ணீர்த் தொட்டியில் ஊற்றி விட்டு வந்தேன். அதே நேரம் வீட்டில் என் பிள்ளை பால்மா குடித்துக் கொண்டிருந்தான்.

இரண்டு வாரத்தில் ஒரு பக்க மார்பு சிவந்து, குளிர் காய்ச்சல் வந்தது. மருந்தெடுத்துச் சுகமானேன். ஆனால் பால் குறைந்து கொண்டே போனது. ஐந்தாம் மாதம் முடியும்போது முற்றாக நின்று விட்டது. "உனக்குப் பால் போதாது" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். உண்மை அதுவல்ல என்பதைப் பின்னர்தான் விளங்கிக் கொண்டேன்.

பால் ஏன் வற்றுகின்றது?

எங்கள் பிரதேசத்துக் குடும்ப நல உத்தியோகத்தர், நாம் "மிஸ்" என்று அழைப்பவர், இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இதனைத் தெளிவாக விளக்கினார்.

மார்பு என்பது தண்ணீர்த் தாங்கியைப் போன்றதல்ல. நிறைத்து வைத்து மாலையில் திறந்து விட முடியாது. பால் வெளியேறினால்தான் புதிய பால் சுரக்கும். பிள்ளை உறிஞ்சும்போது தாயின் மூளையிலிருந்து புரொலெக்டின் என்னும் ஹோர்மோன் வெளியாகிப் பால் உற்பத்தியைத் தூண்டுகின்றது. ஒக்சிடோசின் என்னும் மற்றொரு ஹோர்மோன், சுரந்த பாலை வெளியே தள்ளுகின்றது. மார்பு நிறைந்தபடி பல மணி நேரம் இருந்தால், இனிப் பால் தேவையில்லை என்று உடல் விளங்கிக் கொண்டு சுரப்பைக் குறைத்து விடும். நாளுக்கு ஒன்பது மணி நேரம் பால் எடுக்காமல் இருந்தால் சில வாரங்களில் வற்றுவது இயல்பே. தேங்கிய பாலினால் கட்டியும் காய்ச்சலும் வருவதும் இதனால்தான்.

பயமும் பதற்றமும் ஒக்சிடோசினைத் தடுக்கின்றன. யாரோ கதவைத் தட்டும் மலசலகூடத்தில் நின்று கொண்டு பால் எடுக்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம். ஆகவே தாழ்ப்பாள் உள்ள அறை என்பது சொகுசு அல்ல; அது இல்லாவிட்டால் பால் வராது.

சட்டம் என்ன சொல்கின்றது?

நமது நாட்டில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பொருந்தும். தொழிற்சாலை, தோட்டம் போன்றவற்றுக்கு 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். 2018க்கு முன் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 84 நாட்களும், மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாட்களும் விடுமுறை வழங்கப்பட்டது. 2018இல் இரண்டு சட்டங்களும் திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாட்கள் என்றாயின. இன்றும் "மூன்றாவது பிள்ளைக்கு அரைவாசி லீவுதானே" என்று கேட்கும் முதலாளிமாரைச் சந்திக்கின்றேன். அது பழைய கதை.

கடை, காரியாலயச் சட்டத்தின்படி இந்த 84 நாட்களில் 14 நாட்கள் பிரசவத்துக்கு முன்பும் 70 நாட்கள் பின்பும் வருகின்றன. வாராந்த விடுமுறை, போயா, சட்டபூர்வ விடுமுறை நாட்கள் இதில் சேராது. கணக்குப் பார்த்தால் தாய் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு ஏறக்குறைய மூன்று மாதம். அரச ஊழியர்களுக்கு முழுச் சம்பளத்துடனான 84 நாட்களுக்குப் பின் அரைச் சம்பளத்திலும், சம்பளமின்றியும் மேலும் விடுமுறை எடுக்க வழியுண்டு. தனியார் துறையில் அந்த வசதி சட்டத்தில் இல்லை.

பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது 2001 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. நமது சுகாதார அமைச்சும் அதனையே வலியுறுத்துகின்றது. விடுமுறையோ மூன்று மாதத்தில் முடிகின்றது. இடையிலுள்ள மூன்று மாதம்தான் இக்கட்டுரையின் விடயம். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டும் பெறுவோர் 2006-07 சனத்தொகை சுகாதார ஆய்வில் 76 வீதமாகவும், 2016 ஆய்வில் 82 வீதமாகவும் இருந்தனர். ஆரம்பிப்பதில் நாம் பின்தங்கவில்லை. வேலைக்குப் போகும் தாய்க்குத் தொடர்வதுதான் சிரமம்.

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் ஊழியருக்கு ஒன்பது மணி நேர வேலையில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் கொடுக்கப்பட வேண்டும். வேலைத்தலத்தில் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சாப்பாட்டு இடைவேளைக்கு மேலதிகமாகவே இவை கொடுக்கப்பட வேண்டும். உங்கள் தொழில் எந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றது என்பதைப் பிரதேச தொழில் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். எச்சட்டத்தின் கீழ் வந்தாலும், இடைவேளை கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இரண்டாவது பிள்ளை: நான் கேட்டேன்

2016இல் மகள் பிறந்தாள். அதே நிறுவனம், அதே முதலாளி. இம்முறை விடுமுறைக்குப் போவதற்கு முன்பே அவரிடம் பேசத் தீர்மானித்தேன். வீட்டில் பலமுறை ஒத்திகை பார்த்து விட்டுப் போனேன்.

"ஹாஜியார், ஒரு விடயம் பேச வேணும்."

"சொல்லுங்க மகள்."

"பிள்ளைக்குப் பால் எடுத்து வைக்க எனக்கு ஒரு இடம் வேணும். நாளைக்கு ரெண்டு தரம், இருபத்தைந்து நிமிசம்."

அவர் மேசையைப் பார்த்தபடி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "மேல் மாடியில மாதிரிச் சாமான் வைக்கிற அறை இருக்கு. அதைத் துப்பரவாக்கித் தாரன். சாவிய நீங்களே வச்சிக்கங்க" என்றார். நான் எழுந்தபோது, "மூத்த பிள்ளைக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். மலசலகூடத்தில் எடுத்து ஊற்றினேன் என்று சொன்னேன். "அப்ப ஏன் என்கிட்டச் சொல்லல்ல?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் கேட்கவில்லை; அவருக்குத் தெரியவில்லை. இருவருடைய வெட்கத்துக்கும் விலை கொடுத்தது ஒரு பச்சைப் பிள்ளை. மகள் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடித்தாள். அதன் பின் சோறோடு சேர்த்து இரண்டு வயது வரை குடித்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

தாய்மாருக்கு: செய்யும் முறை

வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பழகத் தொடங்குங்கள். காலையில் பிள்ளை குடித்த பின் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். முதல் நாட்களில் சில தேக்கரண்டிதான் வரும். பயப்பட வேண்டாம்.

கையால் எடுப்பதற்குப் பணம் தேவையில்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பெருவிரலை முலைக்காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் மேற்பக்கமும், சுட்டுவிரலைக் கீழ்ப்பக்கமும் வையுங்கள். நெஞ்சை நோக்கி மெல்ல உள்ளே அழுத்தி, பின் விரல்களைச் சேர்த்து அமத்தி, விடுங்கள். காம்பை இழுக்கக் கூடாது. விரல்களைச் சுற்றி மாற்றி எல்லாப் பக்கமும் எடுங்கள். வலித்தால் முறை பிழை. கிளினிக்கில் மிஸ்ஸிடம் நேரில் காட்டச் சொல்லுங்கள். பெரிய அரச வைத்தியசாலைகளில் இதற்கென்றே தாய்ப்பாலூட்டல் முகாமைத்துவ நிலையங்களும் உள்ளன.

பம்ப் வாங்குவதாயின் கையால் இயக்குவதும் உண்டு, மின்சாரத்தில் இயங்குவதும் உண்டு. மின்சாரப் பம்பில் நேரம் மிச்சம். ஒருவர் பாவித்ததை மற்றவர் இரவல் வாங்கக் கூடாது. பால் படும் பாகங்களை ஒவ்வொரு தடவையும் சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு கழுவிக் காய வைக்க வேண்டும்.

எவ்வளவு தேவை? ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரையான பிள்ளை நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லிலீற்றர் அளவு குடிக்கும். நீங்கள் பத்து மணி நேரம் வீட்டில் இல்லாவிட்டால் ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் வைத்து விட்டுப் போக வேண்டும். காலையில் புறப்படும்போதும், திரும்பி வந்தவுடனும், இரவிலும் பிள்ளையை நேரடியாகக் குடிக்க விடுங்கள். புரொலெக்டின் இரவில் கூடுதலாகச் சுரப்பதால் இரவுப் பாலை நிறுத்த வேண்டாம். வேலைத்தலத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுப்பது நல்லது. முன்பக்கம் திறக்கும் அபாயா அணிந்தால் நேரமும் சிரமமும் குறையும்.

எப்படிப் பாதுகாப்பது? எடுத்த பால் 25 பாகைக்கு மேற்படாத அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை இருக்கும். நமது கடைகளில் அந்தக் குளிர்ச்சி கிடையாது. ஆகவே எடுத்தவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அங்கே 4 பாகையில் நான்கு நாட்கள் வரை இருக்கும். வியாழன் எடுத்த பாலை வெள்ளி விடுமுறை கழித்துச் சனிக்கிழமை தாராளமாகக் கொடுக்கலாம். கதவில் வைக்காமல் உட்புறத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் ஐஸ் கட்டிகள் வைத்த ரெஜிபோம் பெட்டியில் 24 மணி நேரம் வரை பாதுகாக்கலாம். வீட்டுக்குக் கொண்டு போகவும் அதுவே உதவும். 2022இல் 13 மணி நேர மின்வெட்டையும் கண்டவர்கள் நாம்; ஆகவே அப்படியொரு பெட்டி வீட்டில் இருப்பது நல்லது.

கொடுக்கும்போது பாத்திரத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்குங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது. மேலே ஆடை பிரிந்து நிற்பது பழுதானதற்கான அடையாளம் அல்ல. மெல்லச் சுழற்றினால் கலந்து விடும். பிள்ளை குடித்து மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றி விட வேண்டும். சூப்பிப் போத்தலுக்குப் பழகிய பிள்ளைகள் சில வேளை மார்பை மறுக்கும். சிறிய கோப்பையில் கொடுப்பதே சிறந்தது. என் உம்மா முதலில், "பாலை எடுத்துப் பெட்டியில வைக்கிறதா, இதென்ன மாட்டுப் பாலா?" என்று கேட்டார். ஒரு வாரத்தில் அவரே கோப்பையால் பருக்குவதில் கைதேர்ந்தவராகி விட்டார்.

மார்க்க விடயங்கள் சில

ஒரே இடத்தில் இரு தாய்மார் பால் எடுத்து ஒரே பெட்டியில் வைக்கும்போது பெயரும் திகதியும் எழுதிய துண்டை ஒவ்வொரு போத்தலிலும் கட்டாயம் ஒட்ட வேண்டும். இது சுகாதாரத்துக்காக மட்டுமல்ல. நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டு வயதுக்குள் ஐந்து தடவைகள் ஒரு பெண்ணின் பாலைப் பருகிய பிள்ளை அவளுக்குப் பால்குடிப் பிள்ளையாகி விடும். கறந்து கோப்பையில் கொடுத்தாலும் சட்டம் ஒன்றே. போத்தல் மாறுவதால் நாளை திருமணப் பேச்சின்போது சந்தேகம் எழ இடம் வைக்கக் கூடாது.

தாய்ப்பால் தூய்மையானது. அது வெளிப்படுவதால் வுழூ முறிவதில்லை. உடையில் பட்டாலும் தொழலாம். என் முதல் பிள்ளைக் காலத்தில் இது தெரியாமல் லுஹரைப் பிற்படுத்தி வீணாகச் சிரமப்பட்டிருக்கின்றேன்.

முதலாளிமாருக்கு: ஒரு கணக்கு

கணக்குப் பார்ப்பவள் என்பதால் கணக்கோடு சொல்கின்றேன். நாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் 25 நிமிடம், மொத்தம் 50 நிமிடம். மாதத்துக்கு 26 வேலை நாட்கள் என்றால் மூன்று மாதத்துக்கு 78 நாட்கள். ஆக 65 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் எட்டு நாட்களுக்குச் சற்றுக் கூடுதல்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். உங்கள் கடன்காரர் பட்டியலையும், காசோலைத் திகதிகளையும், எந்த வாடிக்கையாளர் எப்போது பணம் தருவார் என்பதையும் அறிந்த ஒரு பெண் வேலையை விட்டுப் போனால், புதியவர் ஒருவர் அந்த இடத்துக்குப் பழக எத்தனை மாதம் எடுக்கும்? அதற்கிடையில் எத்தனை பிழைகள் நடக்கும்? நான் சம்பளப் பட்டியல் பார்க்கும் கடைகளில் பிரசவத்துக்குப் பின் திரும்பி வந்து இரண்டு மாதத்தில் விலகிய பெண்களைக் கண்டிருக்கின்றேன். விலகல் கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்றே எழுதியிருப்பார்கள். அந்தக் காரணம் பெரும்பாலும் என்னவென்று எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை.

1. உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடிய ஒரு சிறிய அறை. அது மலசலகூடமாக இருக்கக் கூடாது. தொழுகை அறை இருந்தால், தொழுகை இல்லாத நேரத்தில் அதனையே ஒதுக்கலாம்.

2. சாய்ந்து அமர ஒரு கதிரை, சிறிய மேசை, மின் இணைப்பு, கண்ணாடிக்குத் திரை. கமெரா இருந்தால் கழற்றி விடுங்கள்.

3. கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும்.

4. குளிர்சாதனப் பெட்டியில் மூடியுள்ள தனிப் பெட்டி ஒன்றுக்கு இடம்.

5. நிச்சயிக்கப்பட்ட இரு நேரங்கள். அந்நேரத்தில் காசாளர் மேசையை யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே சொல்லி விடுங்கள்.

6. மற்ற ஊழியர்களின் கேலிப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். முதலாளி ஒரு தடவை கடுமையாகச் சொன்னால் போதும்.

7. அந்தப் பெண் வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். உங்களுக்குக் கூச்சமாயின் உங்கள் மனைவியோ மகளோ அவரிடம் பேசட்டும். விடுமுறைக்குப் போகும் முன்பே பேசி விடுவது நல்லது.

கணவன்மாருக்கும் ஒரு சொல். மனைவியின் சம்பளம் வீட்டுக்கு வருகின்றதென்றால், பம்ப் கழுவுவதிலும் காலையில் ஐஸ் பெட்டி தயாரிப்பதிலும் உங்களுக்கும் பங்குண்டு.

பள்ளிவாசல் கட்டவும், இஃப்தார் கொடுக்கவும் நமது வணிகர்கள் அள்ளிக் கொடுப்பவர்கள். அதற்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இது பணம் கேட்கும் விடயமும் அல்ல. பழைய சாமான்கள் அடைந்து கிடக்கும் ஒரு மூலையைத் துப்பரவாக்கி, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். அந்தச் சாவியை, வேலைக்குத் திரும்பி வரும் தாயின் கையில் முதல் நாளே கொடுத்து விடுங்கள். அவளுடைய பிள்ளையின் பங்கு அவனுக்குக் கிடைக்கும். அந்த நன்மையில் உங்களுக்கும் பங்கு கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.